ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தம்ளர் பால்

ஆசிரியர் அந்தத் தாள்களை இரண்டு விரல்களால் பிடித்துத் தூக்கினார், செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்குகிற மாதிரி.

"இது என்னம்மா?"

"செய்தி சார்."

"செய்தியா இல்லையான்னு நான்தாம்மா சொல்லணும். உன்னை எதுக்கு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன்?"

"குழந்தையைத் தூங்க வைப்பது எப்படின்னு நர்ஸ்கிட்ட கேட்டு எழுதச் சொன்னீங்க."

"கேட்டியா?"

"கேட்டேன் சார். வயிறு நிறைஞ்சா தானா தூங்கும்னாங்க. அப்போ ஏன் நிறையலைன்னு கேட்டேன். அதுக்கு அவங்க சொன்ன பதில்தான் இவ்வளவு நீளமாயிடுச்சு."

ஆசிரியர் படித்தார். படிக்கப் படிக்க அவருடைய மூக்குக் கண்ணாடி கீழே இறங்கிக்கொண்டே வந்தது. அரசு குழந்தைகள் மருத்துவமனையின் நான்காம் வார்டுக்கு வரும் பாலில் பால் குறைவு, தண்ணீர் அதிகம் என்பது விஷயம். கடைசித் தாளில் பால் கான்ட்ராக்டரின் பெயர் வந்ததும் கண்ணாடியைக் கழற்றியே விட்டார். முதலாளியின் அறை மாடியில் இருந்தது. ஆசிரியர் ஒருமுறை கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இந்த ஆள் யாருன்னு தெரியுமா?"

"தெரியும் சார். நம்ம மொதலாளியோட சகலை."

"தெரிஞ்சுமா எழுதினே?"

"தெரியாம எழுதினாத்தான் சார் தப்பு. நல்லா விசாரிச்சுட்டு எழுதணும்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க."

ஆசிரியர் தாள்களை மேஜையின் அடி டிராயரில் போட்டுப் பூட்டினார். அந்த டிராயருக்கு ஆபீசில் கல்லறை என்று பெயர். உள்ளே போனது எதுவும் எழுந்து வந்ததில்லை.

"இந்த வெள்ளிக்கிழமைக்கு என்ன குறிப்பு?"

"இன்னும் யோசிக்கலை சார்."

"யோசி. போ."

அந்தப் பத்திரிகையில் வேலைக்குச் சேர்ந்த முதல் பெண் அவள்தான். சேர்ந்த அன்று அச்சுக்கோர்க்கும் கம்பாசிடர் ஓடி வந்து, "யாரைப் பாக்கணும்மா?" என்றார். "என் நாற்காலியை," என்றாள். நாற்காலி இல்லை. மாடிப்படிக்கு அடியில் கிடந்த ஒரு கால் ஆடுகிற நாற்காலியைத் தூசி தட்டிக் கொண்டுவந்து போட்டார்கள். பெண்களுக்கென்று கழிவறையும் இல்லை. அதற்கு எதிர்க்கட்டிடத்து வங்கிக்குப் போய் வர வேண்டியிருந்தது. அதனால் வங்கியில் நடப்பதெல்லாம் வணிகச் செய்தியாளருக்கு முன்பே அவளுக்குத் தெரிந்துபோனது வேறு கதை.

அவள் கேட்டு வாங்கியது நிருபர் வேலை. கையில் கொடுத்ததோ வெள்ளிக்கிழமைப் பெண்கள் பக்கம். எறும்பை விரட்டுவது எப்படி, மெழுகுக் கறையை எடுப்பது எப்படி, கதவு கிரீச்சிடாமல் இருக்க என்ன செய்யலாம். ஒரே மாதத்தில் ஆபீஸ் முழுக்க அவளுக்குக் 'குறிப்பம்மா' என்று பெயர் நிலைத்துவிட்டது. முதலில் கோபம் வந்தது. பிறகு திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள்.

நான்காம் வார்டில்தான் அவள் சுண்டெலியைப் பார்த்தாள். அது வார்டின் பெரிய நர்ஸ் வைத்த பெயர். நடக்க வேண்டிய வயதில் இன்னும் உட்காரக்கூட முடியாத ஒரு பெண் குழந்தை.

"காய்ச்சல் எல்லாம் சரியாயிடுச்சு," என்றாள் பெரிய நர்ஸ். "இப்போ இதுக்கு மருந்தே பால்தான். வர்ற பாலைப் பாருங்க. இதுல முகம் பாத்துத் தலை வாரலாம். பெரிய டாக்டர்கிட்ட சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. வெயில் காலத்துல மாடு தண்ணி அதிகமா குடிக்கும்மாங்கறார். மழைக் காலத்துலயும் அதையேதான் சொன்னார். இன்னும் கொஞ்ச நாள் இப்படியே போச்சுன்னா, இந்தச் சுண்டெலி தாங்காது. சொல்லிட்டேன்."

குறிப்பம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் குழந்தையின் கன்னத்தைத் தொட்டாள். அது சட்டென்று அவள் விரலைப் பிடித்து வாயில் வைத்துச் சப்ப ஆரம்பித்தது. மை படிந்த விரல். இழுத்தால் விடவில்லை. அந்தப் பிடியைத்தான் அவள் ஆசிரியர் மேஜை வரைக்கும் கொண்டுபோயிருந்தாள். அது இப்போது கல்லறைக்குள் இருந்தது.

மறுநாள் காலை வாசலில் வழக்கமான சண்டை. அவளுடைய அண்ணிக்கும் பால்காரருக்கும். அண்ணியின் கையில் முகம் பார்க்கும் கண்ணாடி. அதைச் சாய்த்துப் பிடித்து மேலே ஒரு சொட்டுப் பால் விட்டாள். சொட்டு கடகடவென்று ஓடி விழுந்தது.

"பாரு, எப்படி ஓடுது பாரு! நல்ல பால்னா நின்னு நிதானமா வெள்ளைக் கோடு போட்டுட்டுத்தானே இறங்கும்? உன் பாலுக்கு ஏன் இவ்வளவு அவசரம்? ரயிலைப் பிடிக்கப் போகுதா?"

பால்காரர் தலையைச் சொறிந்துகொண்டு வேறு கேனைத் திறந்தார். சண்டை அவ்வளவுதான், தீர்ந்தது.

உள்ளே அண்ணன் செய்தித்தாளை விரித்து வைத்திருந்தான். பழைய வெள்ளிக்கிழமை இதழிலிருந்து பெண்கள் பக்கத்தை மட்டும் உருவி எடுத்து, அதன் மேல் காலணிகளை வைத்துப் பாலிஷ் போட்டான்.

"அண்ணா, அது நான் எழுதின பக்கம்."

"அப்படியா? நல்ல கெட்டித் தாளா இருக்கு."

குறிப்பம்மா காபியை வாய்க்குக் கொண்டுபோனவள் அப்படியே நின்றாள். கண்ணாடியைப் பார்த்தாள். காலணியைப் பார்த்தாள். காபி ஆறிப்போனது.

பெண்கள் பக்கத்தை எந்த ஆணும் படிப்பதில்லை. ஆபீசிலும் அதே கதைதான். மற்ற பக்கங்களின் புரூஃப் வந்தால் ஆசிரியர் பச்சைப் பேனாவை வைத்துக்கொண்டு கமா கமாவாகத் தேடுவார். பெண்கள் பக்கம் வந்தால் அதன் மேல் டீ கப்பை வைப்பார். டீயைக் குடித்து முடித்ததும் கப் விட்ட வட்டக் கறைக்கு நடுவில் கையெழுத்துப் போடுவார். வாராவாரம் அதே வட்டம், அதே கையெழுத்து.

அந்த வட்டத்தின் மேல் எரிச்சல் வந்துதான் ஒருமுறை கறைக் குறிப்பின் கடைசியில் அவள் ஒரு வரி சேர்த்தாள்: 'எந்த முறைக்கும் கறை போகாவிட்டால், துணியை இந்தப் பத்திரிகை ஆசிரியரின் பெயருக்கு அனுப்பவும். அவர் கவனித்துக்கொள்வார்.' ஆசிரியர் டீ குடித்தார், கையெழுத்துப் போட்டார். அடுத்த வாரம் பார்சல் பார்சலாக வந்து இறங்கியது. மேஜை விரிப்பு, தலையணை உறை, ஒரு நீதிபதியின் கறுப்புக் கோட்டு. "போட்டிப் பத்திரிகைக்காரன் சதி!" என்று ஆசிரியர் கூத்தாடினார். காரணம் அச்சில் இருந்தது. கட்டிடத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. அவளும் அண்ணியும் உட்கார்ந்து அத்தனையையும் துவைத்துத் திருப்பி அனுப்பினார்கள்.

அன்றைக்கே இரண்டு உண்மைகள் தெரிந்துவிட்டன. ஆபீசில் இந்தப் பக்கத்தை யாரும் படிப்பதில்லை. ஊரில் எல்லாப் பெண்களும் படிக்கிறார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவளுக்கு இத்தனை நாள் ஆனதுதான் ஆச்சரியம்.

கம்பாசிடர் கையெழுத்துப் பிரதியைப் பார்த்ததும் ஈய எழுத்தைக் கீழே நழுவவிட்டார்.

"குறிப்பம்மா, இதுல வார்டு, ஆஸ்பத்திரின்னெல்லாம் வருது?"

"முகவரி இல்லாம குறிப்பு எழுதினா ஜனங்க எங்க போய்ப் பாப்பாங்க?"

"கான்ட்ராக்டர் மொதலாளிக்குச் சகலை. எனக்குக் குடும்பம் இருக்கும்மா."

"கான்ட்ராக்டர்ங்கற வார்த்தையே இதுல இல்லையே. தேடிப் பாருங்க."

தேடினார். இல்லை. பாலில் தண்ணீரைக் கண்டுபிடிக்கும் கண்ணாடிச் சோதனை மட்டும்தான் இருந்தது. அதற்குக் கீழே இப்படி:

'வீட்டில் நல்ல பால் மட்டுமே கிடைப்பவர்கள், தண்ணீர் கலந்த பால் எப்படி இருக்கும் என்று தெரியாமல் தவிக்க வேண்டாம். அரசு குழந்தைகள் மருத்துவமனை நான்காம் வார்டில் தினமும் காலையில் அது தாராளமாகக் கிடைக்கிறது. சனிக்கிழமை காலை நேரில் வந்து சோதித்துப் பார்க்கலாம். ஒப்பிட்டுப் பார்க்க வீட்டிலிருந்து ஒரு தம்ளர் நல்ல பால் கொண்டு வரவும். சோதனை முடிந்ததும் அந்தப் பாலை வீணாக்காமல் வார்டு நர்ஸிடம் கொடுத்துவிட்டுப் போகலாம்.'

கம்பாசிடர் இரண்டாவது முறை படித்தார். மீசைக்குள் என்னவோ துடித்தது.

"என் வீட்டுக்காரி வெள்ளிக்கிழமை காலையில இதைப் படிக்காம அடுப்பே பத்த வைக்க மாட்டா. நான் கோக்கலைன்னு தெரிஞ்சா அப்புறமும் பத்த வைக்க மாட்டா," என்றபடி எழுத்துப் பெட்டியை இழுத்தார்.

புதன்கிழமை சாயங்காலம். புரூஃப் ஆசிரியர் மேஜைக்குப் போனது. குறிப்பம்மா கதவோரத்தில் நின்றாள், வேலையில்லாமல் நிற்பது தெரியாமலிருக்க ஒரு பென்சிலைச் சீவிக்கொண்டு.

ஆசிரியரின் வலது கையில் பச்சைப் பேனா. இடது கையில் ஒன்றுமில்லை.

டீ வரவில்லை!

ஆசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். கை சும்மா இருந்ததால் அது தானாகப் புரூஃபை எடுத்தது. கண் தலைப்பில் இறங்கியது.

"பாலில் தண்ணீரா? ம்..." என்று வாய்விட்டுப் படித்தார்.

பென்சில் முனை உடைந்தது. 'கண்ணாடியைச் சாய்த்துப் பிடிக்கவும்' வரைக்கும் ஆபத்தில்லை. அதற்கு அடுத்த பத்தியில் ஆஸ்பத்திரி காத்திருந்தது. அதற்குப் பின்னால் சுண்டெலி.

இந்த ஆபீசில் யாருக்கும் டீ எடுத்துத் தர மாட்டேன் என்று சேர்ந்த அன்றே சொன்னவள் அவள். அமைச்சர் வந்த அன்றுகூடக் கப்பைத் தொடவில்லை. அப்பேர்ப்பட்டவள் இப்போது படிகளில் தாவி இறங்கினாள். தெருமுனைக் கடையில் யாருக்கோ நீட்டிய கப்பை நடுவில் புகுந்து பறித்தாள். "ஏம்மா, அது என்னோடது!" என்ற குரலைக் காதில் போட்டுக்கொள்ளாமல், தளும்பத் தளும்பப் படியேறி வந்தாள்.

"சார்! டீ!"

ஆசிரியர் நிமிர்ந்தார். அவருடைய விரல் இரண்டாவது பத்தியின் முதல் சொல்லில் இருந்தது.

"நீயா? நீயா டீ கொண்டு வந்தே?"

"நீங்க களைப்பா இருந்தீங்க சார்."

ஆசிரியரின் முகம் குழைந்தது. "இப்பத்தாம்மா நீ ஆபீஸ்னா என்னன்னு புரிஞ்சுக்கிட்டே," என்றார் தழுதழுத்த குரலில். கப்பை வாங்கினார். வைக்க இடம் தேடினார். 'பாலில் தண்ணீரா?' என்ற தலைப்பின் மேலேயே வைத்தார்.

வட்டம் விழுந்தது. நடுவில் பச்சைக் கையெழுத்து.

சனிக்கிழமை காலை, ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் அவள் கையில் ஒரு தம்ளர் பாலோடு நின்றாள். பெரிய நர்ஸ் வெளியே எட்டிப் பார்த்தாள்.

"யாரும் வரலைன்னா?"

"அண்ணி குடுத்த தம்ளர் ஒண்ணு இருக்கு. சுண்டெலிக்கு அதாவது ஆகும்."

முதலில் வந்தது கம்பாசிடரின் மனைவி. தம்ளர் இல்லை, கூஜா. பின்னால் எதிர்க்கட்டிடத்து வங்கிப் பெண்கள். அதற்குப் பின்னால் யார் யாரோ. தெரு திரும்புகிற இடத்தில் பார்த்தால் தம்ளர்களாகவே வந்துகொண்டிருந்தன. கறைத் துணியைத் திருப்பிப் பெற்ற நீதிபதியின் மனைவி, "கோட்டை நல்லா துவைச்சிருந்தீங்க," என்று சொல்லிவிட்டு வரிசையில் நின்றாள். ஆசிரியரின் மனைவி எல்லோரையும் விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"எங்க வீட்டுக்காரர் படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடாம அந்தப் பேப்பர்ல ஒரு எழுத்து வராது, தெரியுமா? இந்த மனுஷனுக்குள்ள இவ்வளவு தைரியம் இருக்கும்னு நானே நினைக்கலை!"

குறிப்பம்மா இருமி வைத்தாள்.

பெரிய நர்ஸ் வார்டில் இருந்த பெரிய பாத்திரங்களை எல்லாம் வாசலுக்கு இழுத்தாள். "கண்ணாடில விடறது ஒரு சொட்டுதான்! மீதியெல்லாம் இதுல ஊத்துங்க. காய்ச்சித்தான் பிள்ளைங்களுக்குக் குடுப்பேன். தள்ளாதீங்க, எல்லார் பாலுக்கும் இடம் இருக்கு!"

அப்போது ஒரு கார் வந்து நின்றது. முதலாளியின் மனைவியும் அவளுடைய தங்கையும் இறங்கினார்கள். தங்கை என்றால் பால் கான்ட்ராக்டரின் மனைவி. இதைக் குறிப்பம்மா எதிர்பார்த்திருக்கவில்லை.

தங்கை கையில் ஒரு குட்டி கேன். "வழி விடுங்க," என்றாள் பெருமையாக. "எங்க வீட்டுப் பாலைக் கண்ணாடில விட்டா இறங்கவே இறங்காது. பாருங்க!"

நிஜமாகவே இறங்கவில்லை. அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றது. எல்லோரும் ஆகா என்றார்கள். அடுத்ததாக வார்டுப் பாலை நர்ஸ் விட்டாள். அது கண்ணாடியைத் தொட்டதும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை.

"கண்றாவி!" என்றாள் தங்கை. "பச்சைப் பிள்ளைங்களுக்கு இதையா குடுப்பாங்க? எந்தப் படுபாவி சப்ளை பண்றான்?"

பெரிய நர்ஸ் வார்டுக் கேனை மெல்லத் திருப்பி வைத்தாள். கழுத்தில் சிவப்புப் பெயிண்டில் ஓர் அன்னம். தங்கை தன் குட்டி கேனைப் பார்த்தாள். அதிலும் அதே அன்னம். பாலையும் தண்ணீரையும் பிரிக்கிற பறவை என்று சொல்லித்தான் கான்ட்ராக்டர் அதை முத்திரையாக வைத்திருந்தார்.

விஷயம் கேள்விப்பட்டு அவரே சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடி வந்தார்.

"அக்கா! நீங்க எங்க இங்க?" என்று முதலாளியின் மனைவியிடம் குழைந்தார்.

"அவளுக்குப் பதில் சொல்லுங்க முதல்ல."

"என்னங்க," என்றாள் தங்கை. "வீட்டு அன்னம் மட்டும் பால் தருது, ஆஸ்பத்திரி அன்னம் ஏன் தண்ணி தருது?"

"அது வந்து... வெயில் காலம். மாடு தண்ணி அதிகமா குடிக்கும்..."

படிக்கட்டு முழுக்கச் சிரிப்பு வெடித்தது. பெரிய நர்ஸ் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அப்போ நம்ம வீட்டுக்குப் பால் தர்ற மாட்டுக்குத் தாகமே எடுக்காதா?" தங்கை சிரிக்கவில்லை. உள்ளே போனாள். சுண்டெலியின் கட்டில் முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். வெளியே வந்தபோது அவள் குரல் தணிந்திருந்தது. அதுதான் கான்ட்ராக்டருக்கு வியர்க்க வைத்தது.

"நாளையிலேருந்து எல்லாக் கேனும் முதல்ல இங்க வரணும். நம்ம வீட்டுக் கேனும் சேத்துத்தான். எது வீட்டுக்கு வரணும்னு இந்த நர்ஸம்மா கை காட்டுவாங்க. அவங்க காட்டற கேன்லதான் உங்களுக்குக் காபி."

"எங்க வீட்டுக்கும் அதே கேன்தான்," என்றாள் அக்கா.

ஞாயிற்றுக்கிழமை பெரிய நர்ஸ் கேன்களைத் தட்டிப் பார்த்து, நிதானமாக, இருப்பதிலேயே நீர்த்த கேனைக் கை காட்டினாள். இரண்டு சகலைகளும் அன்றைக்குக் குடித்த காபியைப் பற்றி வெளியில் யாரிடமும் பேசியதில்லை. திங்கட்கிழமை வந்த எல்லாக் கேனிலும் பால் கெட்டியாக இருந்தது.

அன்றைக்கே மாடியிலிருந்து அழைப்பு வந்தது. ஆசிரியருக்கும், குறிப்பம்மாவுக்கும்.

முதலாளி வெள்ளிக்கிழமைப் பக்கத்தை மேஜையில் அறைந்தார். பக்கத்தில் பச்சைக் கையெழுத்திட்ட புரூஃப்.

"இது உன் கையெழுத்துதானே? படிச்சுட்டுப் போட்டியா, படிக்காம போட்டியா?"

படிக்கவில்லை என்றால் அவர் ஆசிரியர் இல்லை. படித்தேன் என்றால் இன்றோடு அவர் ஆசிரியர் இல்லை. பழியை அவள் தலையில் போட்டால் தப்பலாம். குறிப்பம்மாவும் அதைத்தான் எதிர்பார்த்து, ஆடுகிற நாற்காலியிலிருந்து எடுத்து வர வேண்டிய சாமான்களை மனதுக்குள் கணக்குப் போட்டாள்.

ஆனால் ஆசிரியர் வீட்டில் இரண்டு நாளாக வேறு ஆளாகிவிட்டிருந்தார். மனைவி அவருக்குச் செருப்பை எடுத்து வைத்தாள். மாமியார் எழுந்து நின்று பேசினாள். மச்சினன் தோளில் கை போட்டுக்கொண்டு போட்டோ எடுத்தான். கல்யாணமான நாளிலிருந்து இப்படி ஒரு சனி ஞாயிறு அவருக்குக் கிடைத்ததில்லை.

"வரி விடாம படிச்சேன் சார்," என்றார்.

"படிச்சுமா போட்டே?"

"நல்லா விசாரிச்சுட்டுத்தான் எழுதியிருக்காங்க சார்."

முதலாளி வாயைத் திறப்பதற்குள் தொலைபேசி அடித்தது. எடுத்தார். மறுமுனையில் பேசியது அவருடைய மனைவி என்பது அவர் நாற்காலி நுனிக்கு வந்ததிலேயே தெரிந்தது. குரல் அறை முழுக்கக் கேட்டது.

"அந்தப் பொண்ணை ஏதாவது சொன்னீங்கன்னு தெரிஞ்சுது, நாளைக்கு எந்தக் கேன்னு நர்ஸுக்கு நானே சொல்லியனுப்புவேன்."

முதலாளி தொலைபேசியை வைத்தார். ஜன்னலைப் பார்த்தார்.

"போங்க. ரெண்டு பேரும் போங்க."

படியிறங்கும்போது ஆசிரியர் மூச்சை விட்டார். "இங்க பாரு. இனிமே பெண்கள் பக்கத்தை நான் எழுத்து எழுத்தா படிப்பேன்."

கதவு சாத்திக்கொண்டது அவளுக்குப் புரிந்தது. யாரும் படிக்காத அந்தப் பக்கம்தான் அவளுக்கு இருந்த ஒரே சந்து. இரண்டு படி இறங்கினாள். மூன்றாவது படியில் நின்றாள்.

"தாராளமா படிங்க சார். உங்க வீட்டம்மா ஒண்ணு கேட்டாங்க. சார் அடுத்ததா எதுல தைரியம் காட்டப் போறார்னு."

ஆசிரியர் நின்றுவிட்டார். "நீ என்ன சொன்னே?"

"பெண்கள் ஜெயில்ல போர்வை இல்லாம தவிக்கறதைப் பத்தி சார் கேட்டிருக்கார்னு சொன்னேன். அதெல்லாம் பெண்கள் பக்கத்துக்கு ஒத்து வராது சார். முதல் பக்கம்தான் சரி."

ஆசிரியர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். கோபப்பட வேண்டுமென்று நினைத்தார். செருப்பும், மாமியாரும், மச்சினனின் போட்டோவும் நினைவுக்கு வந்தன. தன் அறைக்குப் போய்க் கல்லறையின் பூட்டைத் திறந்து, அந்தப் பால் செய்தித் தாள்களை வெளியே எடுத்தார்.

"இதையும் எடுத்துக்கோ. தேதியை மாத்து. ஒரு டீ கொண்டு வந்தேன்னா இப்பவே படிச்சு முடிச்சிடுவேன்."

"அது ஒரு தடவைதான் சார்."

அதற்கப்புறம் அவள் எழுதி ஜெயிலுக்குப் போர்வை போனது, வெள்ளத்தில் மாட்டிய ஊருக்குப் படகு போனது, அவள் பெயரில் ஒரு பால் நிலையமே வந்தது. ஆடாத நாற்காலி மட்டும் கடைசி வரைக்கும் வரவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் அவள் நேராகப் போனது நான்காம் வார்டுக்கு.

"சுண்டெலின்னு கூப்பிடாதீங்க, கோவம் வருது," என்றாள் பெரிய நர்ஸ். "இப்போ பெருச்சாளி."

பெருச்சாளியைத் தலையணை முட்டுக் கொடுத்து உட்கார வைத்திருந்தார்கள். குறிப்பம்மா விரலை நீட்டினாள். அது பிடித்துப் பார்த்தது. மோந்து பார்த்தது. மை வாடைக்கு முகத்தைச் சுளித்துத் தள்ளிவிட்டு, ஒரு ஏப்பம் விட்டுத் தூங்கிப்போனது.

அந்த வெள்ளிக்கிழமை பெண்கள் பக்கத்தில் 'குழந்தையைத் தூங்க வைப்பது எப்படி' என்ற தலைப்பின் கீழ் ஒரே ஒரு வரி வந்தது: 'முதலில் வயிறு நிறைய வேண்டும்.' ஆசிரியர் அதை மூன்று முறை படித்தார், பின்பக்கம் திருப்பிக்கூடப் பார்த்தார். பிறகு பச்சை மையில் கையெழுத்துப் போட்டார். டீ கப் தரையில் இருந்தது.